உப்பு வெளியில் நின்றதாக நான் எழுதிய காலை

மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள், "வீடு வாசல் எதுவும் வைத்துக்கொள்ளாமல் பயணத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்" என்று தொடங்குவார்கள். அதில் பொய் இல்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றேன். மனைவி இறந்தாள். பிள்ளைகள் கிடையாது. சேலத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இரண்டு பைகளோடு கிளம்பினேன். அதற்குப் பிறகு லாட்ஜ், சத்திரம், நண்பர்களின் மொட்டைமாடி அறை, லாரி, ரயில் என்று எங்கெங்கோ தங்கி எழுதி வருகிறேன். கூட்டம் முடியும்போது யாராவது எழுந்து, "பயணம் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?" என்று கேட்பார்கள். "மன்னிக்கக் கற்றுக்கொடுத்தது" என்பேன். கை தட்டுவார்கள்.

உண்மையில் பயணம் எனக்குக் கற்றுக்கொடுத்தது வன்மத்தைக் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான். வீட்டில் இருக்கிறவனுக்குக் கோபம் தங்காது. குழாயில் தண்ணீர் வராது, பக்கத்து வீட்டில் சாவு விழும், யார் மேல் கோபமோ அந்த ஆளே மளிகைக் கடையில் எதிரே வந்து நின்று, "சௌக்கியங்களா" என்று கேட்டுத் தொலைப்பார். கோபம் தேய்ந்துவிடும். ஊர் ஊராகப் போகிறவனுக்கு இந்த இடைஞ்சல் எதுவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாள் முழுக்க நேரம் இருக்கிறது. வெளியே மலையோ ஆறோ ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரே ஆளை வைத்து நான் அரைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஆள் என் தங்கையின் கணவர்.

எங்கள் பக்கம் தங்கை கணவரை மாப்பிள்ளை என்போம். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தோட்டமும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும் வைத்திருந்தார். அவருடைய வண்டிகள் வருடத்தில் பாதி சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஓடும். நான் முதன்முதலாகத் தொலைதூரம் போனதே அவர் வண்டியில்தான். வீட்டை விற்ற கையோடு, "ஏனுங் மச்சான், சும்மா உக்காந்து என்ன பண்றீங்க, நம்ம வண்டி ராய்ப்பூரு போகுது, ஏறிக்கங்க" என்று அவரே ஏற்றிவிட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெலங்கானாவைக் கடந்தேன். யாருக்கும் தமிழ் தெரியாத ஒரு கிராமத்தில் நம் பையன்கள் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து, "தண்ணி வந்துருச்சுங்கோ" என்று கத்தியதையும், அந்த ஊர்ப் பெண்கள் மொழி புரியாமலே சிரித்ததையும் எழுதினேன். அது ஒரு மாத இதழில் வந்தது. என் எழுத்து வாழ்க்கை அங்கே தொடங்கியது. இந்த நன்றியையும் அவருக்கு எதிரான கணக்கிலேயே எழுதிக்கொண்டேன் என்பதைச் சொன்னால்தான் நான் எப்படிப்பட்டவன் என்பது விளங்கும்.

தங்கைக்கு ஒரே மகள். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். அவளுக்கு வரன் பார்த்து உறுதி செய்யும் நாளில், நான் எங்கோ கர்நாடகத்தில் இருந்து எழுத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கூடத்தில் பாய் விரித்து இரண்டு வீட்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. கல்யாண நாளின் ஒழுங்கைப் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சீர் பெரிய விஷயம். மாமன் தன் வீட்டிலிருந்து மேளத்தோடு புறப்பட வேண்டும். பெண்கள் சீர்த் தட்டுகளைச் சுமந்து வர, மண்டப வாசலில் பெண்ணைப் பெற்றவள் எதிர்கொண்டு அழைக்க வேண்டும். அதன்பிறகுதான் மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவார்.

பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், நேரம் குறிப்பதற்காகத்தான் கேட்டார்: "மாமன் சீரு எங்கிருந்துங்க பொறப்படுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார்: "அவருக்கேதுங்க ஊடு? பஸ் ஸ்டாண்டுல இருந்துதான் பொறப்படோணும். மேளக்காரங்கள டைம் கீப்பர் ஆபீஸ் முன்னால நிக்கச் சொல்லிப் போடலாம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. கேட்ட பெரியவரும் சிரித்தார். சமையலறை நிலைப்படியில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். "சீட்டு எடுக்காம வரக்கூடாது, அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன் என்றுகூட நினைவு. தங்கை மட்டும் பரிமாற வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும்தான் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கத் தொடங்கியது. ஹூப்ளி வரைக்கும் கேட்டது. பிறகு கோவாவில், பிறகு கொங்கணக் கரையில் கேட்டது. வீடில்லாமல் இருப்பதை நான் ஒரு தவம் போல எழுதிக்கொண்டிருந்தவன். வாசகர்கள் அதைப் பெரிதாக நினைத்தார்கள். போர்வெல் வண்டி ஓட்டுகிற ஒரு மனிதர் அதைப் பத்து நொடியில் பஸ் ஸ்டாண்டு ஆக்கிவிட்டார். எழுத்தில் அவரை 'மாப்பிள்ளை' என்று மரியாதையாகச் சொல்கிறேன். மனதுக்குள் அப்போது அவன், இவன்தான்.

என்ன செய்தால் அவருக்கு வலிக்கும் என்று யோசித்தேன். சண்டை போட்டால் ஊர் அவர் பக்கம் நிற்கும். கட்டுரையில் எழுதினால் அவர் படிக்க மாட்டார். கடைசியில் கண்டுபிடித்தேன். ஊர் சுற்றுகிறவன் கையில் இருக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்று. வராமல் இருப்பது. மண்டபம் நிறைய ஜனம் இருக்கும், மேளம் இருக்கும், பெண் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருப்பாள். மாமன் இருக்க மாட்டான். "மாமன் எங்கே" என்று ஒவ்வொருவரும் மாப்பிள்ளையிடம் கேட்பார்கள். அவர் என்ன சொல்வார்? இந்த நினைப்பு வந்த இடம் ரத்னகிரிக்கு அருகே ஒரு மீன் சந்தை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்தச் சந்தையிலும் நடந்ததில்லை.

தேதி முடிவானதும் தங்கை போனில் அழைத்தாள். பத்திரிகை வைக்க எந்த ஊருக்கு வரட்டும் என்று கேட்டாள். "எதுக்கு அம்மிணி அலையற, போட்டோ எடுத்து அனுப்பு போதும்" என்றேன். அவள் இரண்டு மூன்று தடவை கேட்டும் இடம் சொல்லவில்லை. பிறகு, பத்திரிகையைக்கூட நேரில் வைக்கவில்லை என்று அதையும் ஒரு குறையாக மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், குஜராத்தில் கட்ச் பக்கம் உப்பு வெளிக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், முகூர்த்தத்துக்குள் கட்டாயம் வந்துவிடுவதாகவும் அவளிடம் சொன்னேன். கட்ச்சுக்கு நான் அதற்கு முன்பே போயிருக்கிறேன். படங்கள் கைப்பேசியில் இருந்தன. நான் அப்போது பேசியது ராசிபுரத்திலிருந்து. பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள ஒரு லாட்ஜில், மாடியில், வீதியைப் பார்த்த அறையில் இருந்தேன். வேறு ஊரில் தங்கியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன அதே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. மண்டபம் அங்கிருந்து காரில் போனால் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

தெரியாத ஊர்களில் யாருக்கும் தெரியாமல் இருந்து பழகியவன் செய்யக்கூடிய தவறு அது. எங்கே போனாலும் நான் யாரோதான் என்கிற நினைப்பு எனக்கு ஊறிப்போயிருந்தது. சொந்த ஊர்ப் பக்கத்திலும் அப்படியே இருக்க முடியும் என்று நம்பினேன்.

அந்த நாட்களில் அறையை விட்டு அதிகம் இறங்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். நன்றாக வந்தது. இதுவரை நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். உப்பு வெளியில் விடியும்போது தரை எது வானம் எது என்று தெரியாமல் போவதைப் பற்றி எழுதினேன். 'இன்று என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் இந்த வெண்மையின் நடுவே நின்று அவளை வாழ்த்துகிறேன். வீடில்லாதவனின் வாழ்த்துக்குச் சுவர்கள் இல்லை' என்று முடித்தேன். முடித்த அன்று கல்யாணத்துக்கு முதல் நாள். மாலையில் பலகாரமும் காபியும் வரவழைத்துச் சாப்பிட்டேன். பிறகு பால்கனியில் நின்று தங்கைக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். ரயில் ரத்தாகிவிட்டது, விமானத்துக்கு இடமில்லை, சிக்னலும் சரியாக இல்லை, அண்ணனை மன்னித்துவிடு என்று. குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டேன். அவள் கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலை சீக்கிரமே விழித்துக்கொண்டேன். குளித்துவிட்டு வெள்ளை வேட்டி சட்டைகூடக் கட்டிக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல். சன்னல் வழியாகப் பார்த்தபோது கீழே, பூக்கடைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் வெள்ளைக் கார் நின்றது. முன்னால் ரோஜாவும் சம்பங்கியும் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது. ஓட்டுநர் வெளியே நின்று லாட்ஜ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தை மழுப்பாமல் எழுத வேண்டும். நான் அகப்பட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், மாப்பிள்ளை வந்து காரில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மேலே ஏறி வந்து கூப்பிட அவருக்குக் கௌரவம் விடவில்லை, நானாக இறங்கி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றும் நினைத்தேன். வெட்கப்பட வேண்டிய நேரம். வெட்கம் வரவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்காரட்டும். மகள் கல்யாணத்தன்று பஸ் ஸ்டாண்டு எதிரில் காரில் உட்கார்ந்து வேர்க்கட்டும். இதை விடப் பெரிய வெற்றி எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு தடவை எழுந்து திரையை விலக்கிப் பார்த்தபோதும் கார் அங்கேயே நின்றது. ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

முகூர்த்த நேரம் நெருங்கும்போது பார்த்தேன். கார் போயிருந்தது.

அந்தக் கட்டுரை அந்த மாத இதழிலேயே வந்தது. பிறகு புத்தகத்தின் முதல் கட்டுரையாகவும் வைத்தேன். ஏராளமானவர்கள் எழுதினார்கள். ஓர் அம்மாள், அதைப் படித்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் தன் தம்பியோடு வருடங்கள் கழித்துப் பேசியதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் மேடைகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தங்கை ஆடிப் பண்டிகைக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, அழைத்தாள். புது மருமகனுக்கு விருந்து, சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், நீங்களும் வர வேண்டும் என்றாள். குரலில் எந்த வேறுபாடும் இல்லை. தயங்கினேன். கார் வந்து நின்றதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்க முடியாது. போனேன்.

வாசலில் மாப்பிள்ளை செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சானுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு உறுதி பண்றப்ப பஸ் ஸ்டாண்டுன்னு ஒரு வார்த்த உட்டுட்டேன். உங்க தங்கச்சி அதுக்கு எங்கூட மாசக் கணக்காப் பேசல. வாய் நீளமுங்க எனக்கு. மனசுல வெச்சுக்காதீங்க."

"அட, அதை நான் அன்னைக்கே மறந்துட்டேனே" என்றேன்.

"கல்யாணத்தன்னிக்குப் பாருங்க, எல்லாரும் கேட்டாங்க. எங்க மச்சான் கட்ச்ல மாட்டிக்கிட்டாரு, பாகிஸ்தான் பார்டரு, பிளேன் கெடைக்கலைன்னு நானே பெருமையாச் சொன்னேன். அசந்து போனாங்க."

அவர் அன்று காரில் இருந்த ஆளாகப் பேசவில்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. அதைவிட, அவர் இவ்வளவு எளிதாக மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நான் எத்தனையோ மாநிலங்கள் வழியாகச் சுமந்துகொண்டு போனதை அவர் வாசல்படியிலேயே வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"ஏனுங்ணா, அந்த உப்புக்காட்டப் பத்திச் சொல்லுங்க. சம்பந்தியம்மா கேக்கோணுமுன்னு இருக்கறாங்க."

"அதெல்லாம் புஸ்தகத்துல இருக்குதே அம்மிணி."

"படிக்கறது வேற, நீங்க வாயால சொல்றது வேறங்ணா. கல்யாணத்தன்னிக்கு காலைல எந்திரிச்சீங்கல்ல, அங்கிருந்து சொல்லுங்க."

சொன்னேன். முதலில் திணறினேன், பிறகு கதை தானாக ஓடியது. சம்பந்தியம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். மாப்பிள்ளை நடு நடுவே, "கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை விடவில்லை.

"வெயிலு எப்புடிங்ணா?"

"அந்நேரத்துக்குக் குளிர்தான்."

"பக்கத்துல ஆருமே இல்லீங்களா?"

"ஒரு உயிர் கிடையாது."

"உங்களத் தேடிட்டு ஆரும் வரலீங்களா?"

"அங்கே யாரு வருவா அம்மிணி?"

"அது சரிங்க" என்றாள். "எங்கள நெனச்சீங்களா?"

"நினைச்சேன்."

"என்ன நெனச்சீங்க?"

அவள் மகள் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "பாவம்மா மாமா, விடும்மா" என்றாள். நான், பட்டம் கட்ட என் கை இல்லாமல் போனதே என்று நினைத்ததாகச் சொன்னேன். சம்பந்தியம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

மாலையில் கிளம்பியபோது, நிறுத்தம் வரைக்கும் வருகிறேன் என்று தங்கையும் கூட நடந்தாள். மரவள்ளிக் காட்டை ஒட்டிய தார்ச்சாலை. கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த உப்புக்காட்டுல ஆட்டையாம்பட்டி பஸ்ஸெல்லாம் வருதுங்களாண்ணா?"

நான் நின்றுவிட்டேன்.

"நீங்க அனுப்புன குரல்ல கேட்டுச்சுங்க. ஆட்டையாம்பட்டி, சேலம், சேலம், ஏறு ஏறுன்னு ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தறான். மூணு தடவ போட்டுக் கேட்டேன். ராசிபுரம்னு தெரிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கறதே ரெண்டு லாட்ஜுங்க. டிரைவர உட்டு விசாரிக்கச் சொன்னேன்."

"மாப்பிள்ளை..."

"அவருக்கு ஒண்ணுந் தெரியாது. பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன்னு சொல்லிட்டு நாந்தான் கார எடுத்துட்டு வந்தேன். பொண்ணுக்குத் தல பின்னிட்டு இருந்தாங்க. பாதியில எந்திரிச்சு வந்தேன்."

காருக்குள் அவள் இருந்தாள். பெண்ணைப் பெற்றவள், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மண்டபத்தில் ஆயிரம் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் திரையை விலக்கி விலக்கிப் பார்த்து நெஞ்சு குளிர்ந்தது அவளைப் பார்த்து.

"மேல வந்திருக்கலாமே அம்மிணி. ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றேன்.

"கூப்புட்டா மறுக்கா ஒரு பொய் சொல்லுவீங்க. அந்த நாளு உங்க வாயில பொய் கேக்க வேண்டாமுன்னு இருந்தேன். நீங்களா எறங்கி வந்தா, இப்பத்தான் வந்து சேந்தாருன்னு கூட்டிட்டுப் போயிரலாமுன்னு நெனச்சேன். சன்னல்ல சீல ஆடுச்சுங்க. ஒரு தடவ இல்லை. எறங்கீருவீங்க, எறங்கீருவீங்கன்னு இருந்தேன்."

"பட்டம் யார் கட்டினாங்க?"

"நம்ம பங்காளி வகையில ஒரு பையன். அவனுக்கு முடிச்சுப் போடத் தெரியல. நழுவி நழுவி விழுந்துச்சு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. சாலையில் போன ஒரு டிராக்டர்காரன், "ஏனுங்க்கா, ஊருக்கா" என்று கேட்டான். "அண்ணனப் பஸ் ஏத்தி உடறேன் சாமி" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

இன்றைக்கே திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லிப்போட்டு நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. நானு?" என்றாள். "எங்கண்ணன் வர முடியாத தூரத்துல இருந்தாருன்னு அவருகிட்ட, சம்பந்திகிட்ட, ஊருகிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன். எம்புருசன் அத நம்பித்தான் உங்ககிட்ட வந்து கையப் புடிச்சாரு. அந்த மனுசன் ஆருகிட்டயும் அப்புடிக் கேட்டதில்ல. ஒவ்வொரு நோம்பிக்கும் வாங்க. வந்து அந்தக் கதையச் சொல்லுங்க. நானும் கேக்கறேன். அவரு இருக்கற வரைக்கும் சொல்லோணும்."

பேருந்து வந்தது. ஏறினேன்.

அவள் விதித்த தண்டனை அது. எந்த நீதிபதியும் அவ்வளவு பொருத்தமாக விதித்திருக்க முடியாது. ஆடிக்குப் போனேன், தீபாவளிக்குப் போனேன், பொங்கலுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் யாராவது புதிதாக ஒருவர் இருப்பார். "அந்த உப்புக்காட்டச் சொல்லுங்ணா" என்பாள். மாப்பிள்ளை கதையை என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்துவிட்டார். நான் ஏதாவது விட்டுவிட்டால், "அந்த ஒட்டகக்காரன் பக்கத்து ஊருல டீ குடுத்தானே, அதச் சொல்லலீங்களே மச்சான்" என்று எடுத்துக் கொடுப்பார். தன் வண்டி ஓட்டுநர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்துக் கேட்கச் செய்வார். ஒட்டகக்காரன் நான் முதல் தடவை போனபோது இருந்தவன். அவன் உண்மை. மற்றதெல்லாம் லாட்ஜ் அறை. சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தால் நிலைப்படியில் அவள் கண் இருக்கும்.

நடுவில் நான் பயணம் போகாமல் இருக்கவில்லை. ஒடிசா போனேன், மணிப்பூர் போனேன். எழுதினேன். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் சிரிப்பு கேட்பது நின்றுபோயிருந்தது. பழிவாங்கும் நினைப்பு போய் அந்த இடத்தில் ஒன்றும் வந்து உட்காரவில்லை. மேடையில் யாராவது பயணம் என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், தொண்டை சரியில்லை என்று தண்ணீர் குடிப்பேன்.

போன மாசியில் மாப்பிள்ளை இறந்தார். தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தி வந்தபோது நான் ஒசூரில் இருந்தேன். சேலத்தில் இறங்கி ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன். கணவன் இறந்தால் உடன்பிறந்தவன்தான் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுபோக வேண்டும். கடைப் பெண், "என்ன விசேஷத்துக்குங்க சார்?" என்று கேட்டுக்கொண்டே பட்டுச் சேலைகளை விரித்தாள். "தங்கைக்கு. வெள்ளையில்" என்றேன். அவள் விரித்ததையெல்லாம் சத்தமில்லாமல் மடித்தாள்.

பந்தலில் எனக்கு வழிவிட்டார்கள். "பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சு" என்று யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து சேலையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துட்டீங்களாண்ணா" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் அதை ஒரு புலம்பலாக எடுத்துக்கொண்டு உரக்க அழுதார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு அடைத்த பிறகும் ஏதோ வேடிக்கை சொல்லப் போகிறவர் போல இருந்தார். அங்கே நிற்கையில்கூட எனக்குள் பழைய கோபத்தின் ஒரு துண்டு கிடந்தது. இதை எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிடந்தது.

காரியம் முடிந்த மறுநாள் தங்கை என்னைக் கூப்பிட்டு, "இனி அந்தக் கதைய ஆருக்குஞ் சொல்ல வேண்டாங்ணா. கேக்கற மனுசன் போயிட்டாரு. எழுதறதுன்னா நெசத்த எழுதிக்கங்க, ஆரு பேரும் போடாதீங்க" என்றாள். மகளிடம் தானே சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். எப்போது என்று கேட்டேன். "நேத்து" என்றாள்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்தக் கட்டுரை இருக்காது. பதிப்பாளர் காரணம் கேட்டார். இதை அனுப்பி வைக்கிறேன்.

தங்கை அதைச் சொன்ன அன்று மதியம் பந்தியில் அவள் மகள்தான் பரிமாறிக்கொண்டு வந்தாள். பந்தலில் ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து வந்தாள். சித்தப்பா இன்னுங் கொஞ்சம், பெரியம்மா ரசம் போடட்டா என்று. என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சோறு வேணுங்களா?" என்று கேட்டாள்.

வேண்டும் என்றேன். போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.